சளி வாங்கப் போகும் அக்கா

அருள்புரத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கும் அந்த அக்கா வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கும் நடுவில் ஒரு ரோடுதான். கேட்டைத் தாண்டினால் கம்பெனியின் தகரக் கூரை தெரியும். டிஃபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போயிருக்கலாம். ஆனால் காலையில் நான் கம்பெனி வேனைக் கிளப்பும்போதே அக்கா வந்து ஏறிக்கொள்வார். நான் ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றி, பெரிய வட்டம் அடித்து, கடைசியில் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து இறக்குவேன். அந்த வட்டம் முழுக்க அக்கா கூடவே வருவார்.

"ஏனுங்க்கா, எதுக்கு இந்த வெட்டி அலைச்சல்? நேரா நடந்து போனா இன்னொரு தூக்கம் போடலாமுங்களே" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாலு பேரு மூஞ்சியப் பாத்துட்டுப் போனாத்தான் தம்பி எனக்கு வேலை ஓடும்" என்றார்.

அவர் பார்க்க வந்தது மூஞ்சியை இல்லை என்பது எனக்கு வேன் கண்ணாடியில் தெரிந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு வருவார். எங்கள் ஊரில் இருமலை யாரும் இருமலாகக் கணக்கில் எடுப்பதில்லை. பனியன் துணியில் இருந்து பறக்கிற பஞ்சு எல்லோர் தொண்டையிலும் இருக்கிறது. யாராவது இருமினால் "பஞ்சுங்க" என்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆனால் அக்காவுக்குப் பஞ்சு இருமல் வேறு, சளி இருமல் வேறு. சளியோடு யாராவது ஏறினால் உடனே எழுந்து போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். கையைப் பிடித்துக்கொள்வார். அது இருமும்போது முகத்தைத் திருப்ப மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, கற்பூரத் தட்டை ஒற்றிக்கொள்கிறவர் மாதிரி, மெதுவாக, ஆழமாக மூச்சை உள்ளே இழுப்பார்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது பிரேக்கில் இருந்து கால் வழுக்கிவிட்டது எனக்கு.

அக்காவுக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்துத் தனியே எடுத்துப் போடுவது. அந்தப் பழக்கத்திலேயே சளியையும் ரகம் பிரித்து வைத்திருந்தார். "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க சளி புதுச் சரக்கு, சூடா இருக்கும். வயசானவங்களுது ஆறிப்போன சரக்கு, ஆனா லேசுல போகாது. ஹோலிக்கு ஊருக்குப் போயிட்டு ரயில்ல திரும்பற இந்திக்காரப் பசங்ககிட்ட வர்றது வேற லாட்டு. அதைய மட்டும் விடக்கூடாது தம்பி" என்பார். பெரிய கொரோனா ஊரை அடித்துப் போட்ட காலத்தில் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே தலை காட்டவில்லை. "இது நமக்குத் தெரியாத பார்ட்டி. நம்பிச் சரக்கு எடுக்க முடியாது" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். அந்தப் பீதியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

என் மகள் எல்.கே.ஜி.யில் சேர்ந்த புதிதில் ஒரு சாயங்காலம் மூக்கு ஒழுகிக்கொண்டு வந்தாள். யார் சொன்னார்களோ, அக்கா வாசலில் நின்றார்.

"பாப்பாவுக்குப் புடிச்சிருக்குதுங்களாமா?"

"ஆமாங்க்கா, பள்ளிக்கூடம் போனா இதே ரோதனை. உள்ள வாங்க" என்றாள் என் மனைவி.

அக்கா வந்து பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். சேலைத் தலைப்பால் அவள் மூக்கைத் துடைத்து, அதே தலைப்பால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார். பாப்பா பாதி குடித்து வைத்திருந்த பாலை எடுத்து மிச்சத்தைக் குடித்தார். பிறகு வழக்கம்போலக் கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார்.

அவர் போனதும் என் மனைவி என்னை அடுப்படிக்குள் இழுத்தாள். "அந்த அக்கா என்னமோ பண்ணுதுங்க. எச்சிப் பாலைக் குடிச்சுட்டு, கண்ணை மூடிக்கிட்டு, 'வா சாமி, வா, வந்துரு'ன்னு முணுமுணுத்துச்சு. யாரைங்க கூப்பிடுது அது?"

"சும்மா கொஞ்சியிருக்கும் புள்ள."

"புள்ளையக் கொஞ்சுறது எனக்குத் தெரியாதுங்களா? அது பாப்பா மூஞ்சியவே பாக்கலீங்க. மூக்குக்குக் கீழ, காத்துலயே பாத்துட்டு இருந்துச்சு."

ஓரிரண்டு நாளில் பாப்பா மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். காம்பவுண்டின் மூலையில் இருந்த ஆளில்லாத அறையில் அக்கா தும்மிக்கொண்டிருந்தார்.

அந்த அறை வீட்டு ஓனர் பனியன் வேஸ்ட் மூட்டைகளைப் போட்டு வைத்திருந்த இடம். சளி பிடித்துவிட்டால் அக்கா தன் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, மூட்டைகளுக்கு நடுவே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திதான் அந்த அறைக்கும் வீட்டில் இருக்கும் அக்காவின் வீட்டுக்காரருக்கும் சோறு கொண்டுபோய் வைப்பாள். மூக்கு நன்றாகக் காய்ந்து, தலைக்குக் குளித்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவார். திரும்பும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பழநிக்குப் போய் முடி இறக்கிவிட்டு வந்தவர் மாதிரி அத்தனை தெளிவு இருக்கும்.

காரணம் எனக்குத் தெரிந்தது அவர் வீட்டுக்காரர் மூலமாகத்தான். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒருகாலத்தில் கட்டிங் மாஸ்டர். சிறுநீரகம் கெட்டுப்போய் ஆபரேஷன் ஆன பிறகு வீட்டில் உட்கார்ந்து, கம்பெனியில் இருந்து வருகிற பனியன்களில் தொங்கும் நூலைக் கத்தரிக்கிற பிசிறு வேலை செய்துகொண்டிருந்தார். கேலிக்காரர்.

"மாப்ள, எனக்குள்ள ஒரு பொம்பள குடியிருக்கறா, தெரியுமா உனக்கு?" என்று ஒருநாள் சட்டையைத் தூக்கினார். அடிவயிற்றின் வலது பக்கம் வளைந்த தழும்பு, அதற்குக் கீழே லேசாக மேடு. "வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. ஆனா அதிகாரம் மட்டும் ஓனர் அதிகாரம்."

அக்கா தன் சிறுநீரகம் ஒன்றை அவருக்குக் கொடுத்திருக்கிறார். அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமல் பேசினார். "அம்மை ஒருக்கா வந்துட்டுப் போனா மறுக்கா வர்றதில்லீல்ல தம்பி? சளியும் ஒரு சின்ன அம்மைதான். இவருக்குச் சளி புடிச்சாத் தாங்காது, பத்திரம்னு டாக்டரு சொல்லிட்டாரு. அதனால எல்லாத்தையும் நான் முன்னாடியே வாங்கிக்கறேன். என்ற கிட்னி ஒண்ணு அங்க இருக்குதல்லோ. அதுவும் நானும் ஒண்ணுதான? எனக்குப் பழகுனா அதுக்கும் பழகீரும். நாளைக்கு எந்தச் சளியாச்சும் இவருகிட்டப் போச்சுன்னா, அது உள்ள இருந்து எட்டிப் பாத்துட்டு, 'அட, நம்ம ஒரம்பரைதான், வந்துட்டுப் போயிருச்சே'ன்னு பேசி அனுப்பீரும்."

சொந்தக்காரர்களைத்தான் எங்கள் பக்கம் ஒரம்பரை என்போம். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அங்கே சிரிப்பு இல்லை. கடைக்குப் போய்வந்த கணக்கைச் சொல்வது மாதிரி சொல்லிவிட்டுக் கீரையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவர் பேச்செல்லாம் எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது. வேனில் யாராவது "வீட்ல ஆரு இருக்கறாங்க?" என்று கேட்டால், "அவரும் நானும் இருக்கறோமுங்க" என்பார். சொல்கிற அக்கா என்னவோ வேனில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் குடிக்க மறந்த நாளில், "பரவால்ல தம்பி, அங்க குடிச்சிருப்பேன்" என்பார். விளையாட்டுக்குத்தான் சொல்கிறார் என்று நானும் விட்டுவிடுவேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மாமாவோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அக்கா எதிர் மூலையில் வேஸ்ட் மூட்டை அறையில் இருந்தார். அன்றைக்குச் சளி இன்னும் காட்டவில்லை, வாங்கிக்கொண்டு வந்து காத்திருந்தார். பேசிக்கொண்டே இருந்த மாமா கத்தரியை மடியில் வைத்துவிட்டு அடிவயிற்றைத் தடவினார்.

"வந்துருச்சாட்ட இருக்குது மாப்ள."

"என்னதுங்க மாமா?"

அவர் எதிர் அறையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெயில் கொளுத்துகிற வாசலுக்கு அந்தப் பக்கம், இருட்டான அந்த அறைக்குள் இருந்து முதல் தும்மல் கேட்டது.

நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? அக்கா வந்துவிட்டுப் போனால் சளி இறங்கிவிடுகிறது என்று பேச்சுக் கிளம்பியது. சளி தானாகவே இறங்குகிற சாமான்தான். ஆனால் யார் அதை யோசித்தார்கள்? முதலில் பயந்து கதவைச் சாத்தினவர்களே பிறகு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். மாடி ரூமில் இருந்த பீகார்ப் பையன்கள், அக்காவை அவர்கள் பாஷையில் "தீதி, தீதி" என்று படிக்கட்டுவரை வந்து அழைத்துப் போவார்கள். என் மனைவியே அடுத்த தடவை பாப்பாவுக்கு மூக்கு ஒழுகியபோது, "அக்காவைக் கூட்டியாங்க" என்றாள். வந்தார். பால் டம்ளரை என் மனைவியே எடுத்து நீட்டினாள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, வெளியே வந்து வேனைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்க்கா, வாங்கிக்கிட்டே இருக்கறீங்களே, இதுக்கு ஒரு முடிவு இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"அதான் தம்பி எனக்கும் ரோசனையா இருக்குது. போன வருசம் வாங்குன அதே மாதிரிதான் இந்த வருசமும் வருது. அதே தும்மல், அதே தலவலி. வந்தது மறுக்கா வரக்கூடாதல்லோ?" தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். "நான் செரியா வாங்கலியாட்டத் தெரியுது. இன்னுங் கொஞ்சம் கிட்டப் போகோணும்."

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட வருஷம் அது. மாமா பிசிறு வெட்டிக்கொண்டே இருமினார். யார் கேட்டாலும், "பஞ்சு மாப்ள, பஞ்சு" என்றார். மடி நிறைய நூலும் தூசியுமாக உட்கார்ந்திருக்கிறவருக்குப் பஞ்சு இருமல் வராமல் என்ன செய்யும்? நானும் நம்பினேன். வேன் முழுக்க இருமுகிறவர்களில் பஞ்சு எது, சளி எது என்று பிரித்துச் சொல்கிற அக்காவும் அதையேதான் சொன்னார். "பஞ்சுதான் தம்பி. எனக்குத்தான் இப்ப ஒண்ணுமில்லியே. என்னையத் தாண்டி அங்க எப்படிப் போகும்?" அவருக்கு அப்போது ஒரு தும்மல்கூட இல்லை. மழைக்கு முன்னால் வாங்கினதையெல்லாம் முடித்துக் குளித்துவிட்டு, வீட்டில்தான் இருந்தார்.

பஞ்சு, பஞ்சு என்று சொல்லிக்கொண்டிருந்ததிலேயே நாள் போய்விட்டது. ஒரு காலையில் மாமா பல் துலக்க வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குப் போனவர், அங்கே இருந்த துணி துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கி வாய் பேச வரவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆட்களை ஏற்றப் போக வேண்டிய வேனில் அவரைப் படுக்க வைத்துக்கொண்டு கோயமுத்தூருக்கு ஓட்டினேன். அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் அவர் அடிவயிற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தார். "என்ன பண்ணீட்டு இருக்கற அங்க? உள்ள வந்திருக்கறது ஆருன்னு பாரு. தெரிஞ்ச ஆளான்னு பாரு." நான் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

மூக்கில் குச்சி விட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், அக்காவுக்கும் சேர்த்து. மறுநாள் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். சின்ன வயது, பொறுமையாகப் பேசினார்.

"இது ஒரு கொரோனா வகைதாங்க" என்றதும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கொரோனா இல்லீங்கம்மா, பயப்படாதீங்க. இது அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே இருக்கற பழைய சளிக் கொரோனா. சின்னப் புள்ளைங்க, பெரியவங்க, கேன்சர் மருந்து எடுக்கறவங்க, கிட்னி மாத்தினவங்கன்னு எல்லார் மூக்குலயும் பாக்கறோம். வர்றது எல்லாருக்கும் வரும். வந்தா என்ன பண்ணுதுங்கறதுதான் ஆளுக்கு ஆள் வேற. குழந்தைக்கு மூக்கு ஒழுகும், போயிரும். இவர மாதிரி இருக்கறவங்களுக்குப் போகாம உக்காந்துக்கும், நுரையீரலுக்கு இறங்கீரும்."

"ஒருக்கா வந்தா மறுக்கா வராதல்லோங்க?"

"இது வருங்கம்மா. உடம்பு கொஞ்ச நாள்ல மறந்துரும், அதே கிருமி திரும்ப வரும்." டாக்டரம்மா கையில் இருந்த காகிதத்தைப் புரட்டினார். "உங்க மூக்குலயும் இருக்குதுங்க."

"எனக்குங்களா? எனக்குத்தான் ஒண்ணுமே இல்லீங்களே!"

"சிலருக்கு இருக்கறதே தெரியாது. உங்ககிட்ட இருந்து அவருக்கு வந்துச்சா, அவர்கிட்ட இருந்து உங்களுக்கு வந்துச்சா, வேற யார்கிட்ட இருந்தாவது வந்துச்சான்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க."

அக்கா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். வீட்டுக்குள் யாரோ நுழைந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டவர் மாதிரி அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார், "அப்ப என்ற கிட்னி? அதுக்கு இந்தச் சளியெல்லாம் பழக்கமாச்சுங்களே. ஒண்ணும் பேசலீங்களா?"

"கிட்னிக்கு ஞாபகம் எல்லாம் கிடையாதுங்கம்மா. அது ரத்தத்தைச் சுத்தம் பண்ணும், அவ்வளவுதான். சொல்லப்போனா, அவர் உடம்புக்கு அது வெளியாளு. உடம்பு அதைத் தள்ளிவிடப் பாக்கும். தள்ளக் கூடாதுன்னுதான், தினமும் மாத்திரை குடுத்து உடம்போட காவலைத் தூங்க வெச்சிருக்கறோம். காவல் தூங்கினா எது வேணா உள்ள வரலாமில்லீங்களா?"

அக்காவுக்குப் புரிய நேரமாகவில்லை. எனக்குத்தான் நேரமானது.

"அப்ப, என்னைய உள்ள வெச்சிருக்கறதுக்குத்தான் கதவைத் தொறந்து போட்டிருக்கறீங்களா?"

டாக்டரம்மா மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடியை மூடினார். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தினால் உடம்பு கொஞ்சம் விழித்துக்கொள்ளும், சளியோடு சண்டை போடும், மாமா மூச்சுக்கு வழி உண்டு. ஆனால் விழித்துக்கொண்ட உடம்பு சளியோடு நிற்காது, சிறுநீரகத்தையும் பார்க்கும். மாமா ஆக்ஸிஜனில் கிடக்கிறார், அவரைக் கேட்க முடியாது. வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

"என்னையத் தொரத்தீருமுங்களா?"

"தொரத்தலாமுங்க. உறுதியாச் சொல்ல முடியாது."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமாவின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் எழும்பின. எட்டு மூட்டைத் துணியை ஒரே கையில் தள்ளி வெட்டின மனுஷன்.

"தொரத்தட்டுமுங்க" என்றார் அக்கா. "நான் வெளிய வந்துக்கறேன். அவரு மூச்சு விடட்டும்."

மாத்திரையை நிறுத்தினார்கள். மூச்சு மெல்லத் திரும்பியது. மாமா கண் திறந்து என்னைப் பார்த்து, "வேன் வாடகை எவ்வளவு மாப்ள?" என்று கேலி பேசிய நாளில் நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். ஆனால் டாக்டரம்மா பயந்ததும் நடந்தது. நுரையீரல் தெளியத் தெளிய, சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாக வேலையை நிறுத்தியது. வீட்டுக்கு வந்த பிறகு டயாலிசிஸ். அக்கா செக்கிங் வேலையை விட்டு நின்றுகொண்டார். வேனில் ஏறுவதில்லை. யார் வீட்டில் இருந்து கூப்பிட்டாலும், "இனி வரலீங்க" என்று கேட்டுக்கு உள்ளேயே நின்று சொல்லிவிடுவார். அவர் முகத்தில் துணி கட்டிக்கொண்டதை முதல்முறையாகப் பார்த்தேன். கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தபோதே மாமாவுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. மறுபடியும் கோயமுத்தூர். நான்தான் கூட்டிப் போனேன். டாக்டரம்மா மாமாவைப் படுக்க வைத்து, சட்டையைத் தூக்கி, தழும்புக்குக் கீழே அமுக்கிப் பார்த்தார். அக்கா பக்கத்தில் நின்றார்.

"இங்க வலிக்குதுங்களா?"

"வலிக்குதுன்னு சொன்னா இவ கோவிச்சுக்குவாளுங்க" என்றார் மாமா.

"வேலை நின்னுபோன கிட்னியப் பெரும்பாலும் உள்ளேயே விட்டுருவோமுங்க. அது பாட்டுக்குச் சுருங்கிக் கெடக்கும். உங்களுக்குக் காய்ச்சல் அதனாலதான் வருதுன்னு தோணுது. வேணும்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம். காய்ச்சல் நின்னுரும். என்ன சொல்றீங்க?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார், "வேண்டாமுங்க."

"எடுத்தா நல்லதுங்களே."

"வேலை செய்யலீன்னா கணக்கு முடிச்சு அனுப்பறதுக்கு இது என்ன கம்பெனிங்களா?" மாமா மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். குரலில் கேலி இல்லை. "இவளைக் கேக்காதீங்க. இவ போறேன்னுதான் சொல்லுவா. செத்துக் கெடந்தாலும் அது இங்கயே கெடக்கட்டுமுங்க. காய்ச்சலை நான் பாத்துக்கறேன்."

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா குனிந்து, தூக்கிவிட்டிருந்த சட்டையை இழுத்துத் தழும்பை மூடினார். மூடின இடத்தில் உள்ளங்கையை வைத்து, மாமாவைப் பார்க்காமல், துணிக்கு அடியில் இருந்ததைப் பார்த்து, கைக்குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

"காத்துப் படுது. நீ தூங்கு கண்ணு."